ஸ்லோ பண்ணினால் ஆஃப் ஆகும் வண்டி



"ஆட்டோமொபைல் படிக்கிறியாமே, எங்க வண்டிக்கு என்னான்னு கொஞ்சம் பாரேன்" என்று சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளாத மாணவன் நம் டிபார்ட்மெண்டில் இருக்க முடியாது. மூன்றாம் செமஸ்டரிலேயே இது ஆரம்பித்துவிடும். நாமும் பானட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து, இரண்டு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நழுவிவிடுவோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அது தப்பு என்று புரிய எனக்கு மூன்று மாதமும், என் மாமாவுக்குப் பதினோராயிரம் ரூபாயும் ஆயிற்று. அந்தக் கதையையும், அதில் நான் கற்றுக்கொண்டதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாமா வீடு திருமங்கலம். அவரிடம் 1986 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை வைத்து உருவான கார் இது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் தயாரித்தது. 2014-ல் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் வெள்ளை அம்பாசடருக்குப் பூ அலங்காரம் பண்ணிப் பொண்ணு மாப்பிள்ளையை அழைத்துவர ஆசைப்படுகிற குடும்பங்கள் நம்ம பக்கம் இன்னும் இருக்கின்றன. முகூர்த்த மாதங்களில் வரும் அந்த வாடகைதான் மாமா வீட்டு வருமானத்தில் பாதி.

போன ஆவணியில் அந்த வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. அறுபதில் போனால் அருமையாகப் போகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்பீடு பிரேக்கருக்கோ சிக்னலுக்கோ ஸ்லோ பண்ணினால் ஆஃப் ஆகிவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட். பத்துத் தடவை ஸ்லோ பண்ணினால் இரண்டு தடவைதான் இப்படி. ஒரு முகூர்த்தத்தன்று கோரிப்பாளையத்தில், பின் சீட்டில் பொண்ணு மாப்பிள்ளை இருக்கும்போது நின்றுவிட்டது. பின்னால் வந்த டவுன் பஸ் ஒரு முழம் தள்ளி பிரேக் அடித்து நின்றதாம். பெண்ணின் தகப்பனார் பாக்கி வாடகையைத் தரவில்லை. செய்தி பரவி இன்னும் இரண்டு புக்கிங் கேன்சல். பழைய இரும்புக்கு எடைபோடுகிறவர் வீட்டு வாசலுக்கே வந்து விலை கேட்டுவிட்டுப் போனார்.

ஓடும்போது தெரியாத நோய்

முதலில் தியரி. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான்.

அம்பாசடர் எஞ்சின் 1489 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். ஐடிலிங் 750 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 560 லிட்டர் கொள்ளளவு. ஆனால் அப்போது த்ராட்டில் மூடியிருக்கிறது. மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எனவே உண்மையில் உள்ளே போகிற காற்று நிமிடத்துக்கு 190 லிட்டருக்குள். அதே எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் த்ராட்டிலை முழுசாகத் திறந்து ஓடும்போது 1800 லிட்டர்வரை இழுக்கும்.

இப்போது மேனிஃபோல்டு கேஸ்கட்டில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று இருப்பதாக நினையுங்கள். ஐடிலிங்கில் உள்ளே வேக்குவம் பலமாக இருப்பதால் அந்த ஓட்டை வழியாக நிமிடத்துக்கு 25 லிட்டர் அளவுக்குத் திருட்டுக் காற்று புகும். 190-ல் 25 என்றால் ஏழில் ஒரு பங்குக்குப் பக்கம். 14:1 என்றிருந்த கலவை 16:1 ஆகிவிடும். மெலிந்த கலவையில் ஐடிலிங் நிற்காது. ஆனால் வேகமாகப் போகும்போது த்ராட்டில் திறந்திருக்கும், வேக்குவம் குறைந்துவிடும், திருட்டுக் காற்றும் குறையும். 1800 லிட்டரில் அது எந்த மூலைக்கு? அதனால் அப்போது ஒன்றுமே தெரியாது.

ஓட்டைக்கு மட்டும் இல்லை, எல்லாக் குறைக்கும் இதே கதைதான். வேகமாகச் சுற்றுகிற ஃப்ளைவீல் சின்னச் சின்ன மிஸ்ஸிங்கை எல்லாம் விழுங்கிவிடும். மெதுவாகச் சுற்றும்போது அதற்கு அந்தத் தெம்பு இல்லை. ஆகவே "ரோட்டில் நல்லாத்தான் ஓடுது, அப்ப எஞ்சினில் குறை இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. ஸ்லோ பண்ணுகிற நேரம்தான் எஞ்சினுக்குப் பரீட்சை நேரம்.

முதலில் காது, அப்புறம் ஸ்பேனர்

டாக்டரிடம் போனால் எடுத்தவுடன் ஊசி போடுவதில்லை. எப்போதிலிருந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்கிறார். வண்டிக்கும் அப்படித்தான். ஓட்டுகிறவரிடம் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்:

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா?
2. ஆக்ஸிலேட்டரை விட்டாலே ஆஃப் ஆகிறதா, பிரேக் மிதித்தால் மட்டுமா?
3. நேர் ரோட்டிலா, வளைவிலா?
4. மறுபடி உடனே ஸ்டார்ட் ஆகிறதா, கொஞ்ச நேரம் ஆற வேண்டுமா?
5. எப்படி ஆஃப் ஆகிறது? இருமி, திணறி, மெதுவாகவா? அல்லது சாவியைத் திருப்பினது போல டக்கென்றா?

ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் தாய். பெட்ரோலோ காற்றோ காரணமென்றால் எஞ்சின் பெரும்பாலும் திணறித்தான் நிற்கும். உள்ளே கொஞ்சமாவது எரிபொருள் இருக்கும், அது தீரும்வரை இழுத்துப் பறிக்கும். கரண்ட் காரணமென்றால் ஒரே நொடியில் கதை முடிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு சந்தேக ஆசாமிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

பெட்ரோல் பக்கம்

அம்பாசடர், பத்மினி, 2000-க்கு முந்தைய மாருதி 800 என்று கார்புரேட்டர் வண்டிகளில், ஜெட் மாறாத வகைக்கு ஐடிலிங்குக்கென்று தனி ஜெட்டும் தனி வழியும் உண்டு. ஊசி நுழையும் அளவுதான் அந்தத் துவாரம். டேங்கின் அடியில் இருக்கும் துருவும் மண்ணும் முதலில் அடைப்பது இதைத்தான். மெயின் ஜெட் சுத்தமாக இருப்பதால் வேகம் எடுக்கும், ஸ்லோவில் நின்றுவிடும். ஜெட்டைக் கழற்றி காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகி வேறு வியாதி வரும்.

அடுத்தது ஃப்ளோட் லெவல். பலமாக பிரேக் அடிக்கும்போது கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் முன்பக்கம் சாயும். பாதி ஜி அளவுக்கு வேகம் குறைந்தால் பெட்ரோலின் மேல்மட்டம் 26 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். லெவல் அதிகமாக இருந்தால் வழிந்து எஞ்சின் மூழ்கும், குறைவாக இருந்தால் ஜெட் வறண்டுபோகும். ஆக்ஸிலேட்டரை விடும்போது நிற்காமல், பிரேக் மிதித்தால் மட்டும் நிற்கிற வண்டியில் இதைப் பாருங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றால், பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வரத்து தடைப்படும். இப்படி நின்ற வண்டி ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகும். நான்காவது கேள்வி எதற்கென்று இப்போது புரிகிறதா?

இன்னொரு விஷயம். 2023-ல் பங்குகளில் வர ஆரம்பித்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. வெறும் பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.7:1. இந்தக் கலப்புப் பெட்ரோலுக்குச் சுமார் 13.5:1. அதாவது பழைய ஜெட்டும் பழைய செட்டிங்கும் அப்படியே இருந்தால் கலவை தானாகவே மெலிந்துவிடும். முன்பு விளிம்பில் நின்ற ஐடிலிங் இப்போது விழுந்துவிடும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் டயாஃப்ரம், ஹோஸ், வாஷர்களையும் கெடுக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் சாமான்களை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்லோ ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருப்பி ஐடிலிங்கைத் தூக்கிவைத்தால் வண்டி நிற்காது, வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார். அது காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து புண்ணை மறைக்கிற வேலை. கிளட்ச் விட்டால் வண்டி தானாக ஓடப் பார்க்கும், பிரேக் தேயும், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் துள்ளும். குறை அங்கேயேதான் இருக்கும்.

காற்றுப் பக்கம்

திருட்டுக் காற்று நுழையும் இடங்கள்: கார்புரேட்டர் அடி கேஸ்கட், இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கட், தேய்ந்துபோன த்ராட்டில் ஷாஃப்ட், வெடித்த வேக்குவம் ஹோஸ். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீரை உறிஞ்சும், எஞ்சின் சத்தம் மாறும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

வேக்குவம் கேஜ் கிடைத்தால் ரொம்ப நல்லது. நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். முள் குறைவான இடத்தில் அசையாமல் நின்றால் காற்று புகுகிறது அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே சீராகத் துடித்தால் ஏதோ ஒரு வால்வைச் சந்தேகப்படலாம்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியாக இருந்தால் இன்னொரு சோதனை. பூஸ்டரும் மேனிஃபோல்டு வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது. அதன் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பெடலை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் காற்று மேனிஃபோல்டுக்குள் பாயும், எஞ்சின் நிற்கும். நிறுத்திய வண்டியில் பெடலை மிதித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஹோஸைக் கழற்றி வாயை அடைத்ததும் ஐடிலிங் சீரானால் ஆசாமி கிடைத்துவிட்டான். பூஸ்டரை இப்படி அடைத்துவைத்துக்கொண்டு மட்டும் ரோட்டில் இறங்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மாமா வண்டிக்கு வருவோம். என் பேச்சைக் கேட்டு முதலில் கார்புரேட்டர் கிட் மாற்றினார். அப்புறம் ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப். இன்னொன்றில் பிளக் செட். மூன்றாவது இடத்தில் இக்னிஷன் காயில். வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது. கடைசியில் மாமா, "போதும் மாப்ள, எடைக்குப் போட்டுரலாம்" என்றார். அவர் குரலைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு நண்பர்களோடு திருமங்கலம் போனேன். கையில் ஒரு மல்டிமீட்டர், சின்ன 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் வயர், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்ச். அவ்வளவுதான் எங்கள் சொத்து. முதல் வேலையாக மாமாவை உட்காரவைத்து ஐந்து கேள்வியையும் கேட்டேன். ஐந்தாவதுக்கு அவர் சொன்ன பதில்:

"சாவியத் திருப்புன மாதிரி இருக்கும் மாப்ள. டப்புனு. இருமல் கிருமல் ஒண்ணும் கெடையாது."

"இதை ஏன் மாமா முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. மூன்று மாதமாக எல்லாரும் பானட்டைத்தான் திறந்தோம். அவர் வாயைத் திறக்க விடவில்லை.

டப்பென்று நின்றால் கரண்ட். சரி, கரண்டில் எந்த இடம்? காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற முனைக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் பல்பைக் கட்டி, வயரை நீளமாக ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தோம். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட் மூடினால் பல்பு அணையும், திறந்தால் எரியும். வேகமாக நடப்பதால் மங்கலாக மினுங்குவதுபோல் தெரியும். கியரில் இருக்கும்போது எஞ்சின் செத்தாலும் வண்டி உருளும்வரை அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் பல்பு மூன்று விதமாகப் பதில் சொல்லும். மினுங்கிக்கொண்டே இருந்தால் பிரைமரி சர்க்யூட் வேலை செய்கிறது, பெட்ரோல், காற்று, ஹைடென்ஷன் பக்கம் போ. முழுசாக அணைந்தால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, சுவிட்ச்சையும் வயரிங்கையும் பார். அசையாமல் பளிச்சென்று எரிந்தால் காயில்வரை கரண்ட் இருக்கிறது, பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகவில்லை.

ஆளில்லாத ஒரு ரோட்டில் மாமா ஓட்டினார். நண்பன் பல்பைக் கையில் பிடித்திருந்தான். நாலாவது தடவை ஸ்லோ பண்ணும்போது டப்பென்று நின்றது. "பளிச்னு எரியுதுடா!" என்று கத்தினான்.

பாயிண்ட்டைத் திறந்து பார்த்தோம். சுத்தமாக இருந்தது. இடைவெளி 15 தௌ, சரிதான். பாயிண்ட்டுக்குப் போகும் சின்ன வயரை மீட்டரில் பார்த்தால் பூஜ்யம் ஓம், அதுவும் சரி. அப்புறம் என்ன? மூடியை மாட்டி, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, வேக்குவம் அட்வான்ஸ் குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி சிரிஞ்ச்சை மாட்டினோம். பிஸ்டனை இழுத்தால் டயாஃப்ரம் இழுபட்டு பாயிண்ட் இருக்கும் தட்டு சுழலும், டைமிங் முன்னேறும், எஞ்சின் வேகமெடுக்கும். அப்படியே நடந்தது. சட்டென்று விட்டோம். தட்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. எஞ்சின் டப்!

ரோட்டில் நடப்பதும் இதுதான். த்ராட்டில் பாதி திறந்து ஓடும்போது வேக்குவம் அந்தத் தட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. காலை எடுத்ததும் குழாயில் வேக்குவம் போய், ஸ்பிரிங் தட்டைத் திருப்பி அடிக்கிறது. அந்த அசைவில்தான் ஏதோ விட்டுப்போகிறது. மீட்டரை மறுபடி மாட்டி, இந்தத் தடவை தட்டை விரலால் ஆட்டினோம். பூஜ்யத்தில் இருந்த மீட்டர் துள்ளியது. அந்தச் சின்ன வயரின் மேல்தோலைப் பிளேடால் கீறினால், உள்ளே செம்பு இழைகள் பச்சை பிடித்து அறுந்துபோய், ஒன்றிரண்டுதான் தொட்டும் தொடாமலும் கிடந்தன. முப்பது, முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் மடங்கி நிமிர்ந்த வயர். வெளித்தோல் மட்டும் புத்தம் புதுசு போல இருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும் அதிர்வில் இழைகள் மறுபடி தொட்டுக்கொள்வதால்தான் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

ஒரு சாண் வயர். நிறைய மெல்லிய இழை உள்ள வளையும் வயராக வாங்கி, கொஞ்சம் தளர்வு விட்டு சால்டர் வைத்தோம். விறைப்பான வயர் போட்டால் தட்டு அசையாது, சீக்கிரம் அறுந்தும் போகும். தட்டுக்குத் தனி எர்த் வயர் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் இதே மாதிரிதான் மடங்குகிறது. டைமிங்கைச் சரிபார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது.

நடுரோட்டில் நின்றுவிட்டால்

இது எல்லாருக்கும். ஓடும் வண்டியில் எஞ்சின் ஆஃப் ஆனால் பதற வேண்டாம். பிரேக் போய்விடாது. பூஸ்டர் உள்ள வண்டியில் ஒன்றிரண்டு மிதிக்கு வேக்குவம் மிச்சம் இருக்கும், அதன் பிறகு பெடல் கல் மாதிரி இருக்கும். பலமாக, ஒரே மிதியாக மிதிக்க வேண்டும், பம்ப் பண்ணக்கூடாது. பவர் ஸ்டியரிங் என்றால் அதுவும் கனமாகும். சாவியை முழுசாகத் திருப்பி வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் ஆள் ஏற்ற வேண்டாம்.

முடிக்கும் முன்

மோட்டார் வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய தொழில் மதுரையில் வேர்விட்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து வரும் வாயுவால் பஸ்ஸை ஓட்ட கேஸ் பிளாண்ட் செய்தவர்கள் டி.வி.எஸ். காரர்கள். இல்லாத பெட்ரோலுக்கே வழி கண்ட ஊரில் இருந்துகொண்டு, இருக்கிற குறையைக் கண்டுபிடிக்காமல் பார்ட் பார்ட்டாக மாற்றிக்கொண்டிருந்தால் நமக்குத்தான் வெட்கம்.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஸ்கேனரை மாட்டினால் கோட் வரும். ஆனால் ஸ்கேனரும் எந்த சர்க்யூட்டில் குறை என்றுதான் சொல்லும். அசையும்போது மட்டும் அறுபடுகிற வயர் அதிலும் உண்டு, நின்ற நிலையில் மீட்டர் அதற்கும் பூஜ்யம்தான் காட்டும். எந்த நிலையில் குறை வருகிறதோ அந்த நிலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

தை மாத முதல் முகூர்த்தத்துக்கு மாமா என்னை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனார். கோரிப்பாளையம் வந்தது. சிக்னல் சிவப்பு. காலை எடுத்தார், வண்டி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னொரு வண்டி இருக்கு மாப்ள, பக்கத்து வீட்டுக்காரரோடது. அதுவும் ஸ்லோ பண்ணா நிக்குதாம். கார்புரேட்டராத்தான் இருக்குமோ?" என்றார்.

"தெரியாது மாமா. அவரைக் கேட்டாத்தான் தெரியும்" என்றேன்.